கிட்ட வந்த மலை

எரியோடு பக்கம் எங்களுக்கிருந்த நிலத்தை, நாகல் நகர் வீட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்தே நான்கு முறை வரைந்தேன். யாரிடமும் ஓவியம் கற்றவனில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ தப்பாகவே பட்டது; எதுவென்று பிடிபடாமல் சோறு இறங்கவில்லை. ஒரு காலை படத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அங்கேயே போனேன்.

சம்பங்கி பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“மலை இம்புட்டுக் கிட்டயா இருக்கு? மழைக்கு முந்திதான அப்படித் தெரியும்? வானத்த நீலமா விட்டுருக்கீங்களே!”

அப்போதுதான் பிடிபட்டது. நிலத்தை விற்றுவிட்டு நாங்கள் கிளம்பிய மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு நின்றது. மலை நினைவில் இருந்தது, மேகத்தை மறந்துவிட்டேன்.

வீடு திரும்பியதும் சட்டையைக்கூட மாற்றாமல் நீலத்தின்மேல் கருமையைப் பூசினேன். மனைவி வந்து பார்த்தாள்.

“கொடியில கெடக்குற துணிய எடுக்க ஓடணும்போல இருக்கு” என்றாள்.

அதன்பிறகு அந்தப் படத்தை நான் தொடவில்லை.