இலை இல்லாதவள்

என் மகளுக்கு அபர்ணா என்று பெயர் வைக்க நான் ஆசைப்பட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஐயர் ‘அ’வில் பெயர் தேடச் சொன்னார். போனில் வந்தவற்றில் கார் வைத்திருக்கும் வீட்டுப் பெண்ணுக்கு உரியதாகத் தெரிந்தது அது ஒன்றுதான். சமஸ்கிருதப் பெயர் என்று போட்டிருந்தது. அர்த்தம் பார்க்கவில்லை. அர்த்தம் பார்த்தா என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டேன்?

அப்புத்தளைக்குக் கீழே, அவர் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், முப்பதாம் நாள் பெயர் சூட்டினோம். பிள்ளையின் காதில் முதலில் பெயர் சொல்ல வேண்டியவர் மாமியார். இன்னும் கொழுந்து எடுக்கிறவர். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு அன்று அவர் போகவில்லை. பிள்ளையை மடியில் வாங்கியதும், “பேருக்கு அர்த்தம் என்னங்க சாமி?” என்று கேட்டார்.

ஐயருக்கு ஒரே சந்தோஷம். யாரும் அவரிடம் இதையெல்லாம் கேட்பதில்லை போலும்.

“பர்ணம்னா இலை. அபர்ணான்னா இலை இல்லாதவள். சிவனைக் கட்டிக்க அம்பாள் தவம் இருந்தாங்க. மொதல்ல சோத்த விட்டாங்க, காய்ஞ்ச இலையத் தின்னாங்க. அப்பறம் அதையும் விட்டுட்டாங்க. அதான் அந்தப் பேரு.”

ஒரு புருஷனுக்காக இவ்வளவு பாடா என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் போனுக்கு ரீலோட் போடப் போன கடையிலேயே மாப்பிள்ளை கிடைத்துவிட்டார்.

“இலை இல்லாட்டி நமக்கு ஏது சம்பளம்?” என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை.

“பட்டினி கெடந்ததுக்குத்தான் பேருன்னா, இந்த லயத்துல பொறக்குற அத்தன புள்ளைக்கும் என் பேரத்தான் வைக்கணும். நான் சொல்ல மாட்டேன்.”

வீட்டுக்காரர் தகரக் கூரையை ஆராயத் தொடங்கினார். ஐயர் ஹல்துமுல்லையில் இன்னொரு வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவருக்காகக் காத்திருந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்ததிலிருந்து தொட்டிலுக்குச் சேலை எடுத்ததுவரை எல்லாம் மற்றவர்கள் இஷ்டம். நான் கேட்டது இந்தப் பெயர் ஒன்றைத்தான். கோபம் வந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

“சரி மாமி, உங்க பேரையே வச்சிருவோம்.”

குத்திக்காட்டத்தான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், அவர் பெயரையே சொல்லிவிடலாம் என்று பிள்ளையின் காதுப் பக்கம் குனிந்தேன். மாமியார் சட்டென்று அந்தக் காதைக் கையால் பொத்தினார்.

“வேணாம் புள்ள. அந்தப் பேரச் சொல்லித்தான் கங்காணி தெனமும் பெரட்டுல கூப்புடுறாரு. அதச் சொல்லி இவள யாரும் கொழுந்தெடுக்க மலைக்குக் கூப்புடக் கூடாது.”

அவர் ஐயரைப் பார்த்தார்.

“இலை இல்லாதவன்னுதானே சாமி சொன்னீங்க?”

ஐயர் தலையாட்டினார். மாமியார் கையை எடுத்துவிட்டு, வாய்க்குச் சரியாக வராத அந்தப் பெயரை மூன்று முறை பிள்ளையின் காதில் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.