முன்னால் போன நீலச் சட்டை

நம்புகிறவர்கள் நம்புங்கள், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவளுக்கு நடந்தது இது. அவள் கதை எதுவும் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய மலையில் ஒரே நாளில் ஏறி இறங்கப் போவதாகவும், உச்சியில் நின்று போட்டோ எடுத்து வருவதாகவும் வார்டு வார்டாகத் தம்பட்டம் அடித்திருந்தாள். துணைக்குத் தம்பியை இழுத்துப் போனாள். செல்போன் ரிப்பேர் கடையில் நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்ப்பவன். சாப்பிடுவதிலிருந்து ஷூ மாட்டுவது வரை எல்லாமே நிதானம். வீட்டில் அவனுக்கு நத்தை என்றே பெயர். வைத்ததும் அவள்தான்.

முக்கால்வாசி ஏறியதும் ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

“முட்டி பிடிச்சுக்கிச்சுக்கா. இறங்கிடலாம். மேகம் வேற வருது.”

“இவ்வளவு தூரம் வந்துட்டு இறங்கறதா? நீ இங்கயே இரு நத்தை. உச்சியைத் தொட்டுட்டு வந்துடறேன்.”

“சீக்கிரம் வந்துடு.”

அவன் முகம் வெளிறியிருந்ததைப் பார்த்தாள். பார்த்தும்தான் போனாள். அதைச் சொல்லும்போது இன்றும் அவள் தலை நிமிர்வதில்லை.

போட்டோ எடுத்துக்கொண்டு அவள் இறங்கும்போது மூடுபனி கவிந்துவிட்டது. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. பாறைக்கு வந்தாள். அவன் இல்லை.

“டேய்...”

மறுபடி கூப்பிட வாயெடுத்தாள். அப்போதுதான் கீழே, பாதை வளைவில், அவனுடைய நீலச் சட்டை தெரிந்தது. அத்தனை பனியிலும் அவன் முதுகு மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. கூடவே கோபமும்.

“நில்லுடா.”

நிற்கவில்லை. அவள் வேகம் பிடித்தால் அவனும் வேகம் பிடித்தான். அவள் மூச்சு வாங்க நின்றால் அவனும் நின்றான். திரும்பவே இல்லை.

நொண்டவும் இல்லை...

சரளைக்கல் அவள் காலடியில் சரக் சரக்கென்றது. அவன் காலடியில் சத்தமே இல்லை.

அப்போது கேட்டது.

“அக்கா...”

பின்னாலிருந்து. மேலேயிருந்து.

அவன் குரல்.

நின்றாள். முன்னால் அவனும் நின்றான்.

எதிரொலியாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். உண்மையில் மறுபடி ஏற அவளுக்குத் தெம்பில்லை. பயம் வேறு.

“அக்கா... அக்கா...”

காதைப் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

அடிவாரத்தில் பனி இல்லை. முன்னால் யாரும் இல்லை. காவலாளி கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்.

“என் தம்பி எந்தப் பக்கம் போனான்?”

“யாரும் வரலையேம்மா. நீங்க மட்டும்தான் வர்றீங்க.”

இருட்டிவிட்டதால் விடிந்த பிறகுதான் தேடப் போனார்கள். அந்தப் பாறைக்குப் பின்னாலேயே, ஆள் உயரப் பள்ளத்தில், கால் முறிந்து கிடந்தான். உடல் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தது.

“நான் விட்டுட்டுப் போனேன். அவன் செத்தும் என்னைப் பத்திரமா கீழ கொண்டுவந்து விட்டான்” என்று சொல்லிச் சொல்லி அழுவாள். அந்த ஒரு நினைப்பில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

உடலைப் பரிசோதித்த டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“அவகிட்ட சொல்லிடாதீங்க. விழுந்ததுல அவன் சாகல. விடியக்காலை வரைக்கும் உயிர் இருந்திருக்கு. தொண்டையெல்லாம் புண்ணு. கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கான்.”