வேதக்காரத் தெருவின் பாட்டு

போன வாரம் குடைக்குத் துணி மாற்றலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். குடைக்கடை ராவுத்தர் புதிதாகப் பாட்டுப்பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். பித்தளை வாயை ஆவென்று திறந்துகொண்டு அது நிற்க, அதன் முன்னால் பத்துப் பேர் அதைவிடப் பெரிதாக வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். வருகிற ஆளின் மதம் பார்த்துத் தட்டு மாற்றுவதில் ராவுத்தர் கெட்டிக்காரர். என்னை எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, "செத்த இருங்க அய்யா, ஒங்க வேதப்பாட்டு ஒண்ணு போடுதேன்" என்று ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனைத் தட்டை எடுத்து வைத்தார். குறை சொல்ல முடியாத குரல். பல்லவியிலிருந்து கடைசிச் சரணம்வரை ஒரே தொண்டை, தடுக்காமல் ஓடிற்று. எனக்கோ கேட்கக் கேட்க அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. குடையைக்கூட வாங்காமல் வெயிலில் இறங்கி நடந்தேன். பாதித் தூரம் வந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. அந்தப் பாட்டில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

நான் கேட்டுப் பழகிய பாட்டு அப்படி இராது. அதற்கு நடுநடுவே மூச்சு வாங்கும். மூச்சுக்கு நடுவே சாணித் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்கும். ஈர விறகின் புகையும், மாட்டுக்கு ஊறவைத்த பருத்திக்கொட்டையின் புளித்த வாசனையும் வரும். பாட்டுக்கு ஏது வாசனை என்று கேட்பீர்கள். ராஜபாளையத்தில் கிறிஸ்தவர்கள் இருந்த வேதக்காரத் தெருவில் குடியிருந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

அப்போது எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து, பெரியம்மை வராமலிருக்க அம்மைப்பால் குத்துகிற உத்தியோகத்தில் ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தேன். உத்தியோகம் என்று சொல்லிக்கொள்வது நான்தான். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர்களை இங்கே எழுத முடியாது. கையில் பெட்டியோடு நான் தெருமுனையில் தலைகாட்டினால், "ஏட்டி, பால்குத்துக்காரன் வாரான், பிள்ளையத் தூக்கிட்டு உள்ள ஓடு" என்று வீட்டுக்கு வீடு குரல் பறக்கும். கதவுகள் சாத்திக்கொள்ளும். நானும் ஒரு கோழியும் மட்டும் தெருவில் நிற்போம். இப்படிப்பட்டவனுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? நம் வேதக்காரப் பிள்ளையாயிற்றே என்று இரக்கப்பட்டு அந்தத் தெருவில் கிழக்குக் கோடியிலிருந்த ஒற்றை அறையைக் கொடுத்தார்கள்.

கூலிக்குத் தறி நெய்கிறவர்கள், பருத்திக் காட்டுக்குப் போகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் குடியிருந்த சின்னத் தெரு அது. எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் அநேகமாகக் கிடையாது. உபதேசியார் கூமாப்பட்டி வரைக்கும் ஊர் ஊராக நடந்து ஜெபம் நடத்தவேண்டியவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எங்கள் ஊருக்கு அவர் கால் எட்டும். மற்ற நாளெல்லாம் தெரு என்ன செய்யும்? பாடும். எனக்கு முந்திய காலத்தில் இருந்த உபதேசியார் ஒருவர் அதற்கு ஒரு வழி செய்துவிட்டுப் போயிருந்தார். பகலெல்லாம் உடம்பு நோக வேலை செய்கிறவர்கள் நீளமான பாட்டை எப்படி மனப்பாடம் செய்வார்கள்? அதனால் பாட்டைப் பங்கு வைத்து, வீட்டுக்கு ஓர் அடியாகக் கொடுத்துவிட்டார்.

விடிவதற்குச் சற்று முன்னால் மேற்குக் கோடி வீடு முதல் அடியைப் பாடும். அது முடிந்ததும் அடுத்த வீடு. பிறகு அதற்கடுத்தது. யாரும் வெளியே வர மாட்டார்கள், கூட மாட்டார்கள். அவரவர் அடுப்பு மூட்டிக்கொண்டும் மாட்டைத் தட்டி எழுப்பிக்கொண்டும் தங்கள் முறை வந்ததும் பாடிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். மலைப்பக்கத்து இருட்டில் புறப்படுகிற பாட்டு வாசல் வாசலாக நடந்து வெளுப்பு காண்கிற கிழக்கே வந்து என் அறைச் சுவரில் முடியும். மேற்கு வீடுகளின் வார்த்தை எனக்கு எட்டாது, ராகம் மட்டும் வரும். கிட்டே வர வரத்தான் சொல் தெரியும். எனக்கு அடி எதுவும் கொடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் குரலைக் கேட்டிருந்தார்கள்.

ஊரே அந்தப் பாட்டைக் கடிகாரமாக வைத்திருந்தது. ராஜாக்கள் வீட்டுக் காரியஸ்தர், "ஏலே, பாட்டு அயிப்போயிந்தா?" என்று தெலுங்கும் தமிழும் கலந்து, முடிந்துவிட்டதா எனக் கேட்டுவிட்டுத்தான் வண்டி பூட்டச் சொல்வார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு வருவார்கள். தெருவைக் கடக்கிறவரை குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

தெருவின் நடுவில் ஏசுவடியான் வீடு. அவன் தறிக்காரன், வாட்டசாட்டமானவன். மனைவி ஞானப்பூ. பிள்ளை கிடையாது. அவர்கள் வீட்டு அடியை அவன்தான் பாடுவான், 'கிணறு தூர்ந்து போனாலும் கிருபை தூராதையா.' அடுத்த வீடு வண்டிக்காரர் தேவசகாயத்தினுடையது. அவர் அடி, 'வழி மறந்து நின்றாலும் உம் கை மறவாதையா.' இந்த இரண்டு அடியும் சேர்ந்து வருகிற இடத்தில் ராகம் ஒரு படி ஏறி இறங்கும். காலையில் பாடி முடித்த அடியை அவரவர் பகல் முழுக்கக் கூடவே கொண்டுபோவார்கள். செண்பகத்தோப்புப் பக்கம் ஒருமுறை தேவசகாயத்தின் வண்டி அச்சு முறிந்து நின்றதைப் பார்த்தேன். மனிதர் நிழலில் உட்கார்ந்து தம் அடியையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, பாடினா அச்சு ஒட்டிக்கிடுமா?" என்றேன்.

"ஆசாரி வந்தா அச்சு ஒட்டும். ஆசாரி வாரதுக்கு ஆண்டவரு மனசு வைக்கணும். அதுவரைக்கும் நான் சும்மா கெடந்து என்ன செய்ய?" என்றார். நான் சிரித்தேன். ஆசாரி சாயங்காலம்தான் வந்தார். அதுவரை தேவசகாயம் யாரையும் திட்டவில்லை, மாட்டைக்கூட.

மழை தப்பிய ஒரு வருஷம் வாந்திபேதி வந்தது. கிணறுகளில் அடிக்கலங்கல் மட்டும் இருந்தது. அம்மைப்பால் பெட்டியை மூட்டைகட்டி வைத்துவிட்டுக் கிருமி சாகக் கிணறுகளில் ஊதா மருந்து கரைக்கிற வேலையை மேலிடத்தில் எனக்குக் கொடுத்தார்கள். விரலெல்லாம் கருஞ்சிவப்பாகக் கறை ஏறி, சாப்பிடும்போது என் கையை நானே பார்க்கப் பிடிக்காது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு ஜனங்கள் அதைக் கீழே கொட்டிவிட்டு ஊருணிக்குப் போனார்கள். என்ன சொல்லியும் கேட்கவில்லை. ஊரில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது நின்றது. இழவு வீட்டில் அழுகிற சத்தமும் குறைந்துபோயிற்று.

எங்கள் தெருவில் பாட்டு நிற்கவில்லை. அதற்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. ஒரு வீட்டு அடி வரவில்லையென்றால் அடுத்த வீடு வாயைத் திறக்காது. பாட்டு அங்கேயே நின்றுவிடும். உடனே தெரு முழுவதும் எழுந்து அந்த வாசலுக்குப் போகும். மேற்குக் கோடியில் ஒரு சின்னப் பெண்ணை அப்படித்தான் எடுத்து, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பிழைக்க வைத்தார்கள். பாட்டு முழுசாக என் சுவரை வந்து தொட்ட காலைகளில், இன்றைக்கு எல்லாரும் இருக்கிறோம் என்று அர்த்தம். அந்தத் தெம்பில் நான் மருந்துப் பெட்டியைத் தூக்குவேன். அந்த நாட்களில் எனக்கிருந்த விசுவாசத்தை அளந்து பார்த்தால் அவ்வளவுதான் தேறும். அது என்னுடையதுகூட இல்லை. பன்னிரண்டு வாசல்களிலிருந்து வந்தது.

சாகிறவர்களுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தவன் ஏசுவடியான். வேறு யாரும் மண்வெட்டியைத் தொட முன்வரவில்லை. பகலெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் வெட்டிவிட்டுக் கை காய்த்துப்போய் வருவான். ஒரு விடியலில் பாட்டு அவன் வாசலுக்கு வந்தபோது உள்ளே சத்தமில்லை. பக்கத்து வீட்டில் தேவசகாயம் காது கொடுத்துக் கேட்டார். பாவம், அலுத்துப் போய்த் தூங்குகிறான், தெருவே திரண்டுபோய்க் கதவைத் தட்டி அவனை எழுப்பிவிடும் என்று நினைத்தார். சுவரோரம் போய் நின்று, குரலை ஏசுவடியான் மாதிரிக் கனமாக்கிக்கொண்டு, 'கிணறு தூர்ந்து போனாலும்' பாடிவிட்டார். பிறகு தம் குரலில் தம் அடியையும் பாடினார். பாட்டு முழுசாகக் கிழக்கே வந்து சேர்ந்தது. எல்லாரும் இருக்கிறோம் என்று நாங்கள் அவரவர் வேலைக்குப் போனோம்.

உச்சிவெயிலில் யாரோ குழி வெட்ட ஆள் தேடி வந்து கதவைத் தள்ளினார்கள். ஏசுவடியான் வாசற்படியைப் பார்க்கக் குப்புறக் கிடந்தான். உயிர் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. உடம்பில் சூடு இருந்தது. ஞானப்பூ மூலையில், கண் உள்ளே போய், பேச்சில்லாமல் கிடந்தாள். அவளை மட்டும் பிழைக்க வைக்க முடிந்தது.

தேவசகாயம் வந்து பார்த்தார். "நாந்தான் பாடினேன். தூங்குதான்னு நெனச்சிட்டேன்" என்று சொன்னார். அன்றைக்கு ஏசுவடியானுக்குக் குழி வெட்டியது அவர்தான். அதற்கப்புறம் அவர் வீட்டிலிருந்து பாட்டு வரவில்லை.

அப்படியாகத் தெருவின் நடுவில் இரண்டு வீடு ஊமையாயிற்று. மேற்கே புறப்பட்ட பாட்டு அந்த இடம்வரை வந்து நின்றுகொள்ளும். அதற்குக் கிழக்கே இருந்தவர்கள் எப்போது எடுப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருப்பார்கள். சில நாளில் மேற்கேயும் புறப்படுவது நின்றது. பேதி குறைந்துகொண்டு வந்த நேரம் அது. ஆனாலும் எங்கள் தெருவில்தான் முகங்கள் செத்துக் கிடந்தன. காட்டுக்குப் போகிற பெண்கள் சுமை கட்டுகிற கயிற்றை எடுத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார்கள். வண்டி வந்து கூப்பிட்டால் திடுக்கிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வந்து நீளமாகப் பிரசங்கம் செய்தார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். அவர் போனதும் தெரு பழையபடி ஆயிற்று.

ஒருநாள் விடியற்கருக்கலில் தெருவில் பேச்சுக்குரல் கேட்டு வெளியே வந்தேன். ஞானப்பூ சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து தேவசகாயத்தின் வாசலுக்கு வந்து நின்றாள். குச்சியாக இருந்தாள்.

"அண்ணே, எந்திரிச்சு வாரும்."

அவர் வந்தார். தலை நிமிரவில்லை.

"ஏன் பாட மாட்டேங்கீரு?"

"எந்த வாயால பாடச் சொல்லுத தாயி?"

"இருக்கது ஒரு வாய்தானே? அந்த வாயாலதான்."

"என்னாலதான் ஒம் புருசன்..."

"அந்தப் பேச்ச இப்ப எடுக்காதேயும். அழுகதுக்குப் பகல் அம்புட்டும் கெடக்கு. ஒம்ம ஏசுகதுக்கும் எனக்கு வேணுங்கிற பேச்சு கெடக்கு, பொறவு ஏசுதேன். இப்ப விடியப் போகுது."

தேவசகாயம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவள் விடவில்லை.

"எனக்கு ஆண்டவரு மேல கோவம் அண்ணே. அதச் சொல்லவும் எனக்குத் தெரிஞ்ச வார்த்த அந்த ஒரு அடிதான். நான் பாடி முடிச்சா அத வாங்கிக்கிட அந்தப் பக்கம் ஒரு குரல் வேணும். இல்லன்னா எஞ் சொல்லு அந்தரத்துல தொங்கும். நாளைக்கி எந்திரிக்க எனக்குத் தெம்பு வராது. நீரு பாடும்."

மேற்குக் கோடி வீட்டுக்காரி இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டிருக்க வேண்டும். அங்கிருந்து முதல் அடி புறப்பட்டது. வீடு வீடாக வந்தது. ஞானப்பூ அங்கேயே, அவர் வாசலில் நின்றபடியே, கிணறு தூர்ந்து போனாலும் என்று எடுத்தாள். குரல் உடைந்து, பாதியில் வெறும் காற்றாக வந்தது. கிருபை தூராதையா என்கிற இடத்தை அவள் பாடியது கேள்வி கேட்பது போலிருந்தது, சண்டை போடுவது போலிருந்தது. பாடி முடித்துவிட்டு அவரைப் பார்த்தாள். தெரு காத்திருந்தது. எத்தனை நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. தேவசகாயம் துண்டை எடுக்காமலே, அதற்குள்ளிருந்து, 'வழி மறந்து நின்றாலும்' என்று தொடங்கினார்.

அன்று பாட்டு என் சுவர்வரை வந்தது. நான் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பெரிய ஆறுதல் எதுவும் வந்துவிடவில்லை. ஏசுவடியான் மண்ணுக்குள் இருந்தான். ஆனால் பெண்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார்கள்.

பிறகு என்னைச் சாத்தூர்ப் பக்கம் மாற்றினார்கள். மழை மறுபடியும் தப்பியது. தெரு கலைந்தது. சிலர் ரங்கூனுக்குப் போனார்கள், சிலர் கண்டித் தோட்டங்களுக்கு. தோட்ட வேலைக்கு ஆள் கூட்டிப்போகிற கங்காணி ஒருவனோடு ஞானப்பூவும் கண்டிக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். போகிறவர்கள் சட்டி பானையோடு அவரவர் வீட்டு அடியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வீட்டு அடியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

சில வருஷம் கழித்து அந்த வழியாகப் போகவேண்டி வந்தபோது தேவசகாயத்தின் வீட்டில் ஓர் இரவு தங்கினேன். தெருவில் அவர் வீடும் இன்னும் ஒன்றிரண்டும்தான் மிச்சம். விடியப் போகிற நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, மேற்கே முகத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"என்ன அண்ணாச்சி பாக்கீங்க?"

"செத்தப் பொறும். ஞானப்பூ பாடுதா."

"அவ கண்டியிலல்லா இருக்கா?"

"அங்ஙனயும் விடியத்தானே செய்யும்?"

அவளுடைய அடிக்கு வேண்டிய நேரத்தை அப்படியே விட்டார். அவருக்கு அந்த அடி தெரியும். அவர் வாயால் ஒருமுறை பாடியதுதான். தொடவில்லை. அது முடிந்திருக்க வேண்டிய இடத்தில், தாளம் பிசகாமல், தம் அடியை எடுத்தார்.

தேவசகாயம் போய்ச் சேர்ந்து நெடுநாளாகிறது. தெரு இருந்த இடத்தில் பருத்தி மூட்டை அடுக்குகிற கிட்டங்கி எழும்பிவிட்டது. எனக்கு இந்த இரண்டு அடியும், அவற்றுக்குக் கிழக்கே வந்த அடிகளும், மற்றதற்கெல்லாம் ராகமும் தெரியும். மேற்கு வீடுகளில் என்ன வார்த்தை பாடினார்கள் என்று கேட்டுக்கொள்ள அந்தத் திசையில் இப்போது ஒரு வாசலும் இல்லை.