சுத்தமான தண்ணீரைக் காட்டும் என்று கேட்டேன்

சாக்கடை நாற்றத்தின் நடுவில் நான் போட்ட சத்தத்துக்கும் காது கொடுத்த ஆண்டவரை நினைத்து இதை எழுதுகிறேன். படிக்கிற சிலருக்குக் குமட்டலாம். எனக்கும் குமட்டியது. அதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்குத் தெரியாது.

அது 1992. அப்பாவுக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் பி.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருடம். சூழலியல் பாடத்துக்கு ஆளுக்கொரு நீர்நிலையை எடுத்து ஆராயச் சொன்னார்கள். என் தலையில் விழுந்தது எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் கிடந்த ஏரி.

ஏரி என்று பெயர்தான். கரையில் காலை வைத்தால் கறுப்புச் சேறு கணுக்கால் வரை உள்ளே இழுக்கும். ஒரு பக்கம் பன்றிகள், மறுபக்கம் ஊர்ச் சாக்கடை, நடுவில் அழுக்கு நுரை. ஊதிப்போன நாய் ஒன்று ஒரு வாரமாக மிதந்துகொண்டிருந்தது. பாட்டிலில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்து எத்தனை முறை சோப்புப் போட்டாலும் நகத்துக்குள் அந்த வாடை போகாது. கையால் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன். கல்லூரி லேபில் கிருமிப் பரிசோதனைக்கு வைத்த குழாய்கள் அத்தனையிலும் மறுநாளே குமிழி கட்டியிருந்தது. மலம் கலந்த தண்ணீர் என்பதற்கு அதுதான் அடையாளம்.

இந்த ஏரியில்தான் எங்கள் சபையில் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். சபை கூடியது வாடகை ஹாலில், அங்கே தொட்டி கிடையாது. அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின நாள் முழுகப் பெயர் கொடுத்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். ஏற்கெனவே இடது காலில் ஒரு விரலை எடுத்தாகிவிட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு புண் ஆறாமல் இருந்தது. அழுக்குத் தண்ணீர் பட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆனால் அம்மா திருநெல்வேலிக்காரி, பிடித்த பிடியை விடமாட்டாள்.

"ஏட்டி, முங்கி எந்திரிச்சா புண்ணு தானா ஆறிரும். நீ சும்மா கெட" என்றாள்.

பாஸ்டரிடம் ஓடினேன். குழாயில் கட்டிய குமிழியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இயேசு முழுகின யோர்தான் ஆறு மட்டும் என்ன பன்னீராம்மா? சரி, இந்தக் கோடையில வேற தண்ணி எங்க இருக்கு? நீயே சொல்லு."

லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு அடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. வீட்டுக்கு வந்து அழுதேன். அழுகையைவிட அருவருப்புதான் அதிகம். ஏரியைப் பார்த்து, அதைச் சாக்கடையாக்கினவர்களைப் பார்த்து, அதில் இறங்குவதுதான் விசுவாசம் என்றவர்களைப் பார்த்து. முழங்காலில் நின்று, "ஆண்டவரே, ஒன்று என் அருவருப்பை எடுத்துப்போடும், இல்லாவிட்டால் சுத்தமான தண்ணீரைக் காட்டும்" என்றேன். ஜெபம் மாதிரியே இல்லை. சண்டை மாதிரி இருந்தது.

அந்த வாரமே கல்லூரியில் எங்கள் சூழலியல் மேடம் என் ஏரி அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கெட்டதை மட்டும் காட்டினா எப்படிம்மா? பக்கத்துல வெச்சுப் பார்க்க நல்ல தண்ணி ஒண்ணு வேணாமா? அது இல்லாம இது செல்லாது."

எரிச்சலோடு ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். போன இடமெல்லாம் குட்டை, பாசி, கொசு. கடைசியில் வெள்ளானூர் பக்கம் ஒரு தோப்பில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய சிமெண்ட் தொட்டி நிறையத் தண்ணீர். அடித்தரை தெரிந்தது. தோப்பைப் பார்த்துக்கொண்ட முனுசாமி அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, பாட்டில்ல புடிச்சிகினு போற? மந்திரிக்கவா?"

ஏனோ அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அம்மாவின் கால் உட்பட.

"அடச்சே, அந்த நாத்தத்துலயா எறக்குவாங்க? இங்க இட்டாந்து முழுக்கச் சொல்லு. மொதலாளியாண்ட நான் சொல்லிக்கிறேன். எங்க ஆத்தா அபிசேகத்துக்கே இந்தத் தண்ணிதான் போவுது."

லேபில் அந்தத் தண்ணீரை வைத்த குழாய்களில் ஒரு குமிழிகூட வரவில்லை. அங்கே நின்றபோதுதான் நான் போட்ட சண்டை ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டு பாட்டிலையும் அம்மா முன்னால் வைத்தேன். நாறுகிறது என்று நூறு தடவை சொன்னபோது கேட்காதவள், இரண்டையும் முகர்ந்து பார்த்தாள். "சவம், இதுலயா என்னை முங்கச் சொன்னாவ?" என்று ஏரித் தண்ணீரைத் தள்ளி வைத்தாள்.

இருவருமாகப் பாஸ்டரிடம் போனோம். தொட்டியைப் பற்றிச் சொன்னதும் சந்தோஷப்பட்டார். அம்மன் அபிஷேகத்துக்கும் அங்கிருந்துதான் தண்ணீர் போகிறது என்றதும் முகம் மாறிவிட்டது. "அந்தத் தண்ணியிலயா?" என்றார். செத்த நாயைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு அருவருப்பு வரவில்லை. நான் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள்.

"ஐயா, பன்னி பெரண்ட தண்ணிக்கு ஒண்ணுஞ் சொல்லல. இதுக்கு மட்டும் மொகஞ் சுளிக்கியளே?"

பாஸ்டர், "சரிம்மா. எல்லாத் தண்ணியும் அவர் படைச்சதுதான்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை எல்லாரும் வெள்ளானூர் தொட்டியில் முழுகினார்கள். முனுசாமி அண்ணன்தான் பம்பு போட்டார். அம்மாவின் புண் அன்றைக்கே ஆறிவிடவில்லை. மருந்தும் ஜெபமுமாகச் சில மாதங்கள் பிடித்தது. ஆனால் கால் தப்பியது. என் பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா அந்தக் காலால் நடந்துதான் வந்தாள். தேவனுக்கே மகிமை.

இன்று முகப்பேரில் ஒரு பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஏரியைப் பஸ் தாண்டும்போது இப்போதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். அருவருப்பை எடுத்துப்போடும் என்று கேட்டேனே, அதை அவர் எடுக்கவே இல்லை. அது போயிருந்தால் அம்மா அந்த ஏரியில் இறங்க, நானும் கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்று பாட்டுப் பாடியிருப்பேன்.

பிரியமானவர்களே, நாறுவதைப் பார்த்து உங்களுக்குக் குமட்டினால் அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். அந்தக் குமட்டலோடேயே ஆண்டவரிடம் போங்கள், அவர் கேட்பார். ஜெபித்து எழுந்ததும் ஒரு காலி பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.