பூக்கட்டிப் பார்த்த வெள்ளிக்கிழமை

என் மகன் பல்கலைக்கழக ஃபுட்போல் அணியில் குவாட்டர்பேக். காலால் உதைக்கிற பந்து இல்லை, கையால் எறிகிற நீளப் பந்து. எறிகிறவன் அவன்தான் என்பதால் எதிர்ப்பக்கத்துத் தடியன்கள் எல்லாம் அவனைத்தான் துரத்துவார்கள். ஒரேயொரு ஆட்டத்தைப் போய்ப் பார்த்தேன். இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனாலும் ஆட்டம் நடக்கிற நாளில் ஃபோனில் ஸ்கோர் பார்ப்பேன். பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

மூன்றாம் வருடம் முடிகிற நேரம் ஒரு தொழில்முறை அணியிலிருந்து அழைப்பு வந்தது. படிப்பை விட்டுவிட்டு வந்தால் ஒப்பந்தம் தருவார்களாம். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். எனக்கு விருப்பமில்லை. எஞ்சினியரிங் முடிய இன்னும் ஒரு வருடம்தான். முழங்கால் பிசகினால் அணிக்காரர் வேறொரு பிள்ளையைப் பிடிப்பார்கள். என் பிள்ளை பாதிப் படிப்போடு வீட்டில் குந்தியிருப்பான்.

என் கணவருக்கோ கால் நிலத்தில் படவில்லை. ஒஷாவாவில் அவருடைய தம்பி வீட்டுப் பிறந்தநாளில், கொத்துரொட்டித் தட்டும் கையுமாக நின்று, எங்கள் தமிழ்ப் பிள்ளைகளில் இப்படியொரு அணிக்குப் போகிற முதல் ஆள் இவன்தான் என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னார். படிப்பு எங்கே ஓடிப்போகிறது, வயது போனால் கை எறியாது என்பது அவருடைய வாதம். அதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மகன் ஒரு மூலையில் நின்று எல்லாருக்கும் சிரித்துக்கொண்டிருந்தான். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டால், "முதலிலை நீங்கள் ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்கோ" என்பான். கன்னத்தில் ஒன்று போடலாம் போல வரும்.

கடைசியில், பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன். கலியாணத்துக்கும் ஒப்பரேஷனுக்கும் எங்கள் ஆட்கள் செய்கிறதுதான்: வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே கடதாசியில் சுற்றி, சாமிக்கு முன்னால் வைத்துவிட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் போகலாம். இவர் சிரித்தார், ஆனால் சம்மதித்தார். பிள்ளையார் தன் பக்கம்தான் என்று அவருக்குத் துணிவு. சுற்றுகிற ஆள் எடுக்கக்கூடாது. எடுப்பது நான் என்று முடிவானது. இவர் சுற்றுவதை நான் நம்பத் தயாரில்லை. அதனால் பூக்களை மகனிடம் கொடுத்தோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வோபர்னில் வீட்டுக்குக் கிட்டவுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். ஐயர் தீபம் காட்டும்போது படிப்பே வரட்டும் என்று கண்ணை மூடிக் கும்பிட்டேன். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை. எல்லாரும் பார்க்க அழுதேவிட்டேன். இவர் திருநீற்றைப் பூசிக்கொண்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தன்னுடைய காரில் வேலைக்குப் போய்விட்டார். பாவமாகவும் இருந்தது.

மற்றப் பொட்டலத்தைக் குப்பையில் போட மனம் வரவில்லை. வீட்டுச் சாமிப்படத்துக்கு வைக்கலாமென்று மகனுடைய காரில் ஏறியிருந்து பிரித்தேன். அதுவும் வெள்ளை.

மகனைப் பார்த்தேன். அவன் இன்னும் காரை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பாட்டைச் சொல்லாதேங்கோ அம்மா," என்றான். "எனக்குப் பயமா இருக்கு. கடைசி கேமிலை என்னை அடிச்சு விழுத்தினவங்கள். எழும்பினன். ஆனா கொஞ்ச நேரம் நான் எந்தப் பக்கத்துக்கு விளையாடுறன் எண்டே தெரியேல்லை. அங்கை போனா இன்னும் பெரிய ஆக்கள்."

அந்த ஆட்டத்தில் அவர்கள் வென்றார்கள். அன்றைக்கு நான் பாயாசம் காய்ச்சினேன். அவன் இரண்டு தரம் வாங்கிக் குடித்தான், அடிபட்டதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

அவன் தலையைத் தடவினேன். விரல் படும் இடமெல்லாம் நோகுமோ என்று பயந்து பயந்து தடவினேன். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ எங்கேயும் போக வேண்டாம், படிப்பை மட்டும் முடி ராசா, இனி ஒரு பயமும் இல்லை என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே நெஞ்சு ஆறியது.

"படிக்கிறன்தான்," என்றான். "ஆனா செப்டெம்பரிலை திரும்பவும் யூனிவேசிற்றிக்கு விளையாடத்தானே வேணும். ஸ்கொலர்ஷிப் அதுக்குத்தானே தாறாங்கள்."

நான் பிள்ளையாரிடம் கேட்டு வாங்கியது அந்த இன்னொரு வருட ஆட்டத்தைத்தான்.