குறிப்பு உள்ளே இருக்கட்டும்

காந்திபுரத்தில் எங்கள் ஆபீசுக்குக் கீழே ஒரு பேக்கரி. சாயங்காலமானால் தேங்காய் பன் வேகும் வாசனை படியேறி வந்துவிடும். அதற்கப்புறம் எங்களில் யாருக்கும் கோடிங் ஓடாது...

என் முதல் வேலை அது. ஒரு திருமணத் தகவல் மையத்துக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தோம். மையத்தை நடத்தியவர் சரோஜா அம்மா, பொள்ளாச்சிக்காரர். ஒவ்வொரு வரனும் கோடிங்கில் ஒரு ஆப்ஜெக்ட். வயது, நட்சத்திரம், படிப்பு, தோட்டம் துரவு என்று ஆளுக்கு ஏகப்பட்ட விவரம்; கோடிங்கில் அதற்குப் பெயர் பிராப்பர்ட்டி. முதல் பக்கத்துக்கு அதில் ஐந்தை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒரே ஒரு செலக்ட் வரிதான். புதுசு என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

"பேரு, வயசு, படிப்பு, ஊரு, அப்புறம் குறிப்பு... இது போதுமுங்க" என்று அம்மா சொல்லியிருந்தார்.

குறிப்பு என்பது வீட்டாரிடம் விசாரித்து அவரே எழுதுவது. 'பையன் பேசவே மாட்டான்.' 'மாமியார் தொந்தரவு இருக்காது.' படித்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்து என் பெயர்.

அப்பா என் ஜாதகத்தை அங்கே கொடுத்திருந்தது எனக்குத் தெரியும். குறிப்பை அன்றுதான் பார்த்தேன். 'இடது கால் விந்தி நடக்கும்.'

பொய் இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்பாவுக்கு எதையும் மறைக்கவும் தெரியாது. ஆனாலும் அடுத்த பெயருக்குப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை வந்த இடமெல்லாம் காலைப் பற்றிக் கேட்டதோடு நின்றுபோயிருந்தன. இனி கேட்கவே வேண்டாம், முதல் பக்கத்திலேயே போட்டுவிடலாம்!

குறிப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'பிடித்தவை' என்பதைச் சேர்த்தேன்.

டெமோ அன்று அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, குறிப்பக் காணமே?"

டீம் லீடர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து ஸ்கிரீன் வரைக்கும் நடந்தேன். வேண்டுமென்றே மெதுவாக.

"எங்கயும் போகலீங்க. பேரத் தொட்டா உள்ள இருக்குதுங்க. மொதல்ல ஆளப் பாக்கட்டுமுங்க... நான் போறதுக்கு முன்னாடியே என் காலு போயிருதுங்க."

அம்மா என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தை.

"சூலூரு மணியண்ணன் பொண்ணா நீயி?... செரி கண்ணு. எல்லாத்துக்குமே உள்ள இருக்கட்டும்."

அந்த மாடியில் இப்போது மொபைல் கடை. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். செலக்ட் வரியை நான் யோசிப்பதற்குள் ஏஐ எழுதிக் கொடுத்துவிடுகிறது, இருக்கிற பிராப்பர்ட்டியை எல்லாம் அள்ளிப் போட்டு. எது உள்ளேயே இருக்கட்டும் என்று பார்த்து அழிப்பதுதான் என் வேலை. தேங்காய் பன்னும் ஆர்டர் போட்டால் வீடு தேடி வருகிறது. அந்த வாசனைதான் வருவதில்லை...

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். டெமோ முடிந்த மறுநாளே அம்மா என் குறிப்பைத் திருத்தியிருந்தார். கால் அப்படியே இருந்தது. பக்கத்தில் புதிதாக, 'வாய் ஜாஸ்தி.'

என் பெயரைத் தொட்டு உள்ளே போய் அதைப் படித்த ஒருத்தர்தான் பெண் பார்க்க வந்தார். இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை வந்தால் அவரிடம் ஒரே பதில்தான்.

"தெரிஞ்சுதானுங்க அம்மணி கட்டுனேன். வாய் ஜாஸ்தின்னு குறிப்புலயே போட்டிருந்துச்சே!"

அவர் படித்தது இரண்டையும்தான். இத்தனை வருஷத்தில் ஒன்றை மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.