சுருளிராஜன் செத்த கதை

காமயகவுண்டன்பட்டியில் பாண்டீஸ்வரி வீடு எது என்று யார் கேட்டாலும் சட்டென்று கையைக் காட்டிவிடுவார்கள். கேட்கிறவர் காரில் வந்து இறங்கியவராக இருந்தால் மட்டும் தெரு கொஞ்சம் இழுக்கும். "எந்தப் பாண்டீஸ்வரி? புருசனைப் பறிகொடுத்துச்சே, அந்தப் பாண்டீஸ்வரியா?" என்று ஒருத்தி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்பாள். அவள் பேச்சை வளர்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி பின்பக்கமாக ஓடி, "யண்ணே, ஆளு வந்தாச்சு, வெரசாக் கெளம்புங்க" என்று அந்தப் பறிகொடுத்த புருசனுக்குச் சேதி சொல்லிவிடுவாள்.

ஆமாம், சுருளிராஜன் உயிரோடுதான் இருக்கிறான். குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறான், வாரக் கூலியை அப்படியே பெண்டாட்டி கையில் கொடுக்கிறான், குடியை விட்டு எட்டு வருசமாகிறது. தேனியில் இருக்கிற பொன்னுராஜ் நினைவு அறக்கட்டளைக்கு மட்டும் அவன் செத்துப்போன ஆள்.

ஏமாற்றுக்காரி என்று பொசுக்கென்று சொல்லிவிடலாம். சொல்கிறவர்கள் அன்றைக்கு அவள் இருந்த இருப்பைப் பார்த்திருக்க வேண்டும். மயிலாடும்பாறையில் பிறந்தவள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவளைப் பாதியில் நிறுத்திக் களைவெட்ட அனுப்பினார்கள், பிறகு இங்கே கட்டிக்கொடுத்தார்கள். வந்த இடத்தில் புருசன் குடித்தான். குடி என்றால் உங்க வீட்டு எங்க வீட்டுக் குடி இல்லை, கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றி விற்றுக் குடித்த குடி. ஒருநாள் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்து வேலைக்கு என்று ஜீப்பில் ஏறிப் போனான். போனவன் போனவன்தான். போன் இல்லை, ஒரு தாக்கல் இல்லை. கஞ்சிக்கு வழியில்லாமல் அவளும் விடிகாலை ஜீப்பில் கூலிவேலைக்குக் கம்பம்மெட்டு மலைரோடு ஏறினாள். ஏழு வயசுப் பிள்ளை திரிஷாவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். ஒருநாள் பொழுதுசாயத் திரும்பி வந்து பூட்டைத் திறந்தால், பிள்ளை காய்ச்சலில் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறது. பெற்ற வயிறு எப்படி இருந்திருக்கும்!

அந்தச் சமயத்தில்தான் அறக்கட்டளைக்காரர்கள் சென்டர் திறக்க இடம் பார்த்து ஊருக்கு வந்தார்கள். பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு, பால், சுண்டல், பள்ளிக்கூடச் செலவு. தாய்மார்களுக்குத் தையல் மிஷின். தகப்பனில்லாத பிள்ளைகளுக்கு முதலிடம் என்றார்கள். செயலாளர் வைகுண்டராஜ், தேனி பஜாரில் பெயின்ட் கடை வைத்திருப்பவர், தங்கமான மனுசர், "புள்ளைக்கு அப்பா?" என்று கேட்டார்.

"செத்துட்டாருய்யா. குடிச்சுப்புட்டு மெட்டு ரோட்டுல உருண்டு செத்துட்டாரு."

அது அவள் வாயில் எங்கிருந்துதான் வந்ததோ! அவன் மேல் இருந்த ஆத்திரத்துக்கு, சொன்னபோது அது அவளுக்குப் பொய்யாகவே படவில்லை.

ரெண்டு வருசம் கழித்துச் செத்தவன் வந்து வாசலில் நின்றான். இளைத்துத் துரும்பாகி, தாடியும் மீசையுமாக, குடியை மறந்து. அவள் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினாள், அழுதாள், அப்புறம் சோறு போட்டாள். மறுநாளே பஸ் ஏறித் தேனிக்குப் போய் வைகுண்டராஜிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், அவள் மூடி மறைக்கவில்லை. அவர்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, இப்பப் போயி இதச் சொன்னா அந்தம்மா என்ன நெனப்பாங்க? உங்க கதையக் கேட்டுத்தான் உங்க ஊர்ல சென்டரே தொறந்தாங்க. இது பொய்னா எல்லாமே பொய்னு இழுத்து மூடிட்டுப் போயிருவாங்க. எத்தனை புள்ளைக படிக்குது! கொஞ்ச நாள் பொறுங்க, நானே பக்குவமாச் சொல்றேன்."

அந்தக் கொஞ்ச நாள் எட்டு வருசமாக நீண்டுவிட்டது.

அவர் சொன்ன அந்தம்மா சொர்ணலதா. போடி பஜார் வியாபாரக் குடும்பத்துப் பெண். புருசன் பொன்னுராஜ் மஸ்கட்டில் வேலைபார்த்த இடத்தில் நெஞ்சுவலி வந்து செத்துப்போக, அவர் பேரில் இந்த அறக்கட்டளையைத் தொடங்கியவர். இப்போது சென்னையில் மகனோடு இருக்கிறார். வருசம் தவறாமல் ஆண்டு விழாவுக்கு வருவார். விழாவில் பாண்டீஸ்வரி மேடையேறித் தன் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் அவர் எழுந்து வந்து கட்டிக்கொண்டு அழுவார். கூட்டமே மூக்கைச் சிந்தும்.

விழா அன்றைக்குக் காலையில் பாண்டீஸ்வரி பூவை எடுத்துவைத்துவிடுவாள், பொட்டை அழித்துவிடுவாள். தாலியைத் தலைவழியாகக் கழற்றுவாள். சுருளிராஜன் கையை நீட்டி வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவான். அவள் திரும்பி வருகிறவரைக்கும் அந்தப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வேலை செய்வான். தெருவில் இளவட்டங்கள் சும்மா விடுவார்களா? "என்ன மாமா, இன்னைக்குத் திவசமா? எங்களுக்கெல்லாம் சாப்பாடு உண்டா?" என்பார்கள். அவன் சிரித்துவைப்பான். நான் குடிச்சது கொஞ்சமா, அதுக்கு இது வேணும் என்று அவனுக்கு நினைப்பு.

ஆனால் பாண்டீஸ்வரிக்கு மூச்சு முட்டியது. தேனிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் புருசனும் பெண்டாட்டியுமாகப் போக முடியாது, அறக்கட்டளை ஆள் யாராவது கண்ணில் பட்டால் போச்சு. இன்னொரு பிள்ளை வேண்டும் என்று ரெண்டு பேருக்கும் ஆசை. செத்தவனுக்கு எப்படிப் பிள்ளை பிறக்கும்? அந்த ஆசையை அப்படியே முழுங்கிவிட்டார்கள். திரிஷா பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியைக்கூட வீட்டுக்குக் கூட்டிவந்தது கிடையாது. பஸ்ஸில் அப்பனும் மகளும் ஏறினால், அவன் முன்னாலும் அவள் பின்னாலும் யாரோ எவரோ மாதிரி உட்காருவார்கள்.

இந்த வருசம் திரிஷா பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். நல்ல மார்க். நர்சிங் சேர்த்துப் படிப்பு முடிகிறவரைக்கும் தானே செலவு செய்வதாக சொர்ணலதா சொல்லியிருந்தார். இன்னும் நாலே வருசம், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால் பிள்ளை கரையேறிவிடும் என்று பாண்டீஸ்வரி இருந்தாள். "நீ மேடையில அப்பாவச் சாகடிச்சு நான் படிக்கணுமாம்மா?" என்று மகள் கேட்டதற்கு, "வாய மூடிக்கிட்டுப் படி" என்று எரிந்து விழுந்தாள். வேறு என்ன சொல்லுவாள், பாவம்.

ஒரு சனிக்கிழமை முன்மதியம். தோட்டத்திலிருந்து வந்த சுருளிராஜன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சோற்றில் கைவைத்திருந்தான். தெருமுனையில் திராட்சை ஏற்ற வந்த வண்டி வழியை அடைத்து நின்றதால், வந்த காரை அங்கேயே விட்டுவிட்டு ரெண்டு பேர் நடந்து வந்தார்கள். தெருச்சனம் எல்லாம் வேலைக்குப் போயிருந்தது. சேதி சொல்ல ஆள் இல்லை.

"பாண்டீஸ்வரி இருக்கியாம்மா?" என்று வாசலில் குரல் கேட்டது. சொர்ணலதா! பின்னால் வைகுண்டராஜ், வேர்த்து விறுவிறுத்து. "அட்மிஷன் விஷயமா வந்தாங்க, வீட்டப் பாக்கணும்னு ஒரே பிடியா நின்னுட்டாங்க" என்றார். அதற்குள் பாண்டீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் பொட்டைத் துடைத்து, தாலியை ரவிக்கைக்குள் தள்ளியிருந்தாள்.

"இவர் யாரு?"

"தண்ணி மோட்டாரு ரிப்பேரும்மா. பாக்க வந்தவரு."

சுருளிராஜன் சோற்றுக்கையோடு எழுந்தான். "சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி" என்று சொர்ணலதா சொல்லச் சொல்ல, கையை உதறிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான். ஒரு கோளாறும் இல்லாத மோட்டாரைக் கழற்றுகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. அடுப்படியில் நின்ற திரிஷா பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்க்கப் பாண்டீஸ்வரிக்குத் தெம்பு இல்லை.

சொர்ணலதா கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்கிட்ட ஒன்னு கேக்கணும்னு ரொம்ப வருசமா நினைச்சுட்டிருக்கேன். மேடையில வச்சுக் கேக்க முடியுமா? உன் வீட்டுக்காரரைக் கடைசியா முகம் பாத்தியா?"

பாண்டீஸ்வரி இன்னொரு கையால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"என்னைப் பாக்க விடல பாண்டீஸ்வரி. பெட்டியில வச்சு அனுப்புனாங்க. திறக்கவே கூடாதுன்னுட்டாங்க. உள்ள இருக்கிறது அவர்தானான்னு இன்னைக்கு வரைக்கும் மனசு அடிச்சுக்குது. நீயாவது பாத்தியாம்மா?"

பின்னால் மோட்டாரைக் கழற்றுகிற சத்தம் நின்றுவிட்டது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். மேடையில் எத்தனை தடவை அவனை மெட்டு ரோட்டில் உருட்டிவிட்டிருக்கிறாள்! ஒருதடவைகூட நாக்குக் குழறியதில்லை. இன்றைக்கு அந்தப் பொய் வரமாட்டேன் என்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பது நெசமாகவே பறிகொடுத்தவள். 

"பாத்தேம்மா" என்றாள். "தெனமும் பாத்துக்கிட்டுத்தேம்மா இருக்கேன். அந்தா, மோட்டாருகிட்ட நிக்கிறாகள்ல, அவுகதேன்."

சொர்ணலதாவுக்கு முதலில் விளங்கவில்லை. வைகுண்டராஜ் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்ததும் எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே நின்றவனை ஏற இறங்கப் பார்த்தார். அவன் ஈரக் கையைக் கூப்பி, "வணக்கம்மா" என்றான்.

"எத்தனை வருசமா?"

"திரும்பி வந்து எட்டு வருசம்மா. செத்துட்டாருன்னு சொன்னது நாந்தேன். தப்புத்தேம்மா."

"உங்களுக்கும் தெரியுமா அண்ணாச்சி?"

வைகுண்டராஜ் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து திரிஷா முன்னால் வந்தாள். "ஆன்ட்டி, எனக்கு நர்சிங் வேணாம். சென்டர மட்டும் மூடிராதீங்க."

"நீ சும்மா இரு!" சொர்ணலதா போட்ட சத்தத்தில் வைகுண்டராஜே திடுக்கிட்டார். "சென்டர் என் வீட்டுக்காரர் பேர்ல நடக்குது, அதை மூட நான் யாரு? நீ படிக்கிற. திங்கக்கிழமை அண்ணாச்சி கூட்டிட்டுப் போய்ச் சேர்ப்பாரு."

அவ்வளவுதானா! இந்த ஒரு வார்த்தைக்காகவா எட்டு வருசம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, தாலியைக் கழற்றி மாட்டிக்கொண்டு கிடந்தோம் என்று பாண்டீஸ்வரிக்குக் குமுறிக்கொண்டு வந்தது. காலில் விழப் போனாள். சொர்ணலதா நகர்ந்துகொண்டார்.

"தினமும் ஜெபத்துல என் மகனுக்கு முன்னாடி உன் பேரைத்தான் சொல்லுவேன். என்னை மாதிரியே ஒருத்தி காமயகவுண்டன்பட்டியில இருக்கா, அவளே தாங்குறா, நீயும் தாங்கிக்கோன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்." வாசல்படிவரை போய்த் திரும்பினார். "இப்ப நான் மட்டும்தானா?"

சொர்ணலதா செருப்பை மாட்டக்கூடப் பொறுக்காமல் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். வைகுண்டராஜ் பின்னாலேயே ஓடினார். வெயிலில் அந்தம்மா வெறுங்காலோடு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போவதைப் பாண்டீஸ்வரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் அந்தக் கால் இந்த வாசலை மிதிக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சுருளிராஜன் பின்பக்கமிருந்து வந்து அவள் பக்கத்தில், எட்டு வருசத்தில் முதல்முறையாக, அறக்கட்டளைக்காரர் கண்ணில் படும்படி நின்றான்.

"அதேன் சொல்லிட்டயில்ல. பெறகு என்னத்துக்கு அந்தம்மா இப்படி அழுதுக்கிட்டுப் போறாக?"

"நீங்க சாகலைல" என்றாள் பாண்டீஸ்வரி. "அதுக்குத்தேன்."